கார் தானாகப் பூட்டிக்கொண்டது!



"அடுப்படிச் சாமான்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, வாசலில் நிற்கிற வண்டியைப் பற்றியும் எழுதக் கூடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதலாம் என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் கார் ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன தெரியும் என்று தள்ளிப் போட்டேன். சென்ற மே மாதம் ஒரு நாள் நடந்ததற்குப் பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்களுடையது பழைய மாருதி ஆல்ட்டோ. வாங்கும்போது அதில் சென்ட்ரல் லாக்கும் கிடையாது, அலாரமும் கிடையாது. ஐந்து வருஷம் முன்பு வாசலில் நிறுத்தியிருந்தபோது ராத்திரியோடு ராத்திரியாகப் பாட்டுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கோபத்தில் இவர் மறுநாளே வண்டியை ஒரு கடைக்கு ஓட்டிப் போய், நான்கு கதவுக்கும் சென்ட்ரல் லாக்கும் அலாரமும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ரிமோட்டை என் கையில் கொடுத்து, "இதை அமுக்கினால் பூட்டும், இதை அமுக்கினால் திறக்கும்" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

மே மாதம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை பதினொன்றரை மணி. பேத்திக்கு ஒன்பது மாதம். தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்புகிறோம். மகள் மருந்துக் கடைக்குள் நுழைந்தாள். "அம்மா, நீ பாப்பாவை வண்டியில உட்கார வை, இதோ வந்துடறேன்" என்று சாவியை என்னிடம் கொடுத்தாள். நான் ரிமோட்டை அமுக்கி, இடது பக்கப் பின் கதவைத் திறந்து, குழந்தையை அவளுடைய சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினேன். பால் பாட்டில், துணிப்பை, அதோடு சாவிக் கொத்து, எல்லாவற்றையும் பக்கத்தில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் ஏறி, குழந்தை பக்கத்தில் உட்காரலாம் என்று எண்ணம். அதற்குள் பூக்காரம்மா, "அம்மா, மீதி பத்து ரூபா வாங்கிக்கலியே" என்று கூப்பிட்டாள். நின்று வாங்கினேன்.

'டக்' என்று ஒரு சத்தம்.

வலது கதவை இழுத்தேன், வரவில்லை. இடது கதவை இழுத்தேன், வரவில்லை. டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு நிதானமாக மினுக்மினுக்கென்று எரிகிறது. குழந்தை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

கண்ணாடியைத் தட்டினேன். தட்டின அதிர்ச்சிக்கு சைரன் 'ஊய் ஊய்' என்று அலற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழத் தொடங்கினாள். மகள் ஓடி வந்தாள். இன்னொரு சாவி வீட்டில் பீரோவில் இருக்கிறது. சத்துவாச்சாரி போய்த் திரும்ப நாற்பது நிமிஷம். "ஆட்டோ பிடிச்சுப் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்கிறாள் அவள். கூட்டத்தில் ஒருவர் ஸ்கேலை விட்டுத் திறக்கலாம் என்கிறார், இன்னொருவர் கம்பி கொண்டு வரச் சொல்கிறார். பக்கத்துப் பஞ்சர் கடைப் பையன் மட்டும் யாரையும் கேட்காமல் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, கண்ணாடி போனா வாங்கிக்கலாம், சொல்லுங்க" என்றான். "உடைப்பா" என்றேன்.

குழந்தை பின்னால் இடது பக்கம். அவன் உடைத்தது முன்னால் வலது பக்கக் கண்ணாடி, அதாவது குழந்தைக்கு ரொம்பத் தூரத்தில் இருப்பது. நடுவில் அடிக்கவில்லை, கீழ் மூலையில் அடித்தான். இரண்டாவது அடியில் பொரி மாதிரி உதிர்ந்தது. கையை விட்டு டிரைவர் கதவின் பூட்டை இழுத்தான். மற்றக் கதவுகளும் டக்கென்று திறந்துகொண்டன. எல்லாம் சேர்ந்து ஏழெட்டு நிமிஷம்தான் இருக்கும். அதற்குள் குழந்தையின் தலைமுடி நனைந்து, முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. நிழலுக்குத் தூக்கிப் போய், சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, மகள் அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை இழுத்துக் குடித்தது. திரும்ப டாக்டரிடமே போய்க் காட்டினோம். "நல்லா அழுதாளா, நல்லா குடிச்சாளா? அப்ப பயமில்லை. துவண்டு போனாலோ, தூங்கி வழிந்தாலோ, வாந்தி எடுத்தாலோதான் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது" என்றார்.

பூட்டிய கார் வெயிலில் நின்றால் முதல் பத்து நிமிஷத்திலேயே உள்ளே வெளிச் சூட்டைவிடப் பத்து டிகிரி அளவுக்கு ஏறிவிடும் என்றும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது என்றும் அவர் விளக்கினார். குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாற்பது நிமிஷம் சாவிக்காகக் காத்திருந்தால் என்ற எண்ணத்தை நான் முடிக்கவே விரும்பவில்லை. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்தில், நிறுத்தியிருந்த காரில் விளையாட ஏறிய மூன்று பிள்ளைகள் கதவைத் திறக்க முடியாமல் உயிரை விட்டது செய்தித்தாளில் வந்ததே, படித்திருப்பீர்கள். நானும் படித்தேன், 'ஐயோ பாவம்' என்றேன், பக்கத்தைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்தபிறகு இவர், "சாவியை யாராவது உள்ளே போடுவாளா?" என்றார். தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நான் பூட்டவில்லை. ரிமோட் சாவிக் கொத்தோடு சீட்டில் கிடக்கிறது. கார் ஏன் பூட்டிக்கொண்டது?

கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய் ஒருவர் இருந்தார். தலை நரைத்தவர், முப்பது வருஷ அனுபவம். அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்க எந்தக் கதவைத் திறந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். "பின் கதவு." "முன் கதவைத் திறக்கவே இல்லையா?" "இல்லை." "அதான்" என்றார்.

விஷயம் இதுதான். இந்த அலாரப் பெட்டிகள் பலவற்றில் ஒரு ஏற்பாடு உண்டு. சட்டைப் பையிலோ ஹேண்ட்பேகிலோ ரிமோட் தெரியாமல் அமுங்கி, வண்டி திறந்துகொண்டால் என்ன ஆகும்? யாரும் பார்க்காமல் திறந்தே கிடக்கும். அதற்காக, ரிமோட்டால் திறந்த பிறகு 30 வினாடிக்குள் எந்தக் கதவும் திறக்கப்படாவிட்டால், 'யாரும் வரவில்லை, தெரியாமல் அமுங்கியிருக்கிறது' என்று எண்ணிப் பெட்டி தானாகவே மறுபடி பூட்டிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கதவு திறந்ததா இல்லையா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு வயரால்தான் தெரியும்.

நம் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதே, அதே போல் காரிலும் கதவு ஓரத்தில் ஒரு சின்ன குமிழ் சுவிட்ச் இருக்கும். கதவு திறந்தால் அது வெளியே வரும், வண்டியின் இரும்போடு தொடர்பு ஏற்படும், கூரை விளக்கு எரியும். அலாரம் போடுகிறவர்கள் பெட்டியின் ஒரு வயரைக் கொண்டுபோய் அந்த சுவிட்ச் வயரில் சேர்ப்பார்கள். விளக்கு எரிந்தால் கதவு திறந்தது என்று பெட்டி புரிந்துகொள்ளும். எங்கள் வண்டியில் அந்தக் குமிழ் முன் கதவுகளுக்கு மட்டுமே இருந்தது. பின் கதவுகளுக்கு இல்லை. அலாரம் போட்டவர் இருந்ததில் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார். ஆக, நான் பின் கதவைத் திறந்து, குழந்தையை வைத்து, சாத்தியது எதுவுமே அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதன் கணக்கில் யாருமே வரவில்லை. முப்பது வினாடி ஆனதும் பூட்டிவிட்டது.

ஐந்து வருஷம் இது எங்களுக்குத் தெரியாமல் போனது எப்படி? எப்போதும் ஓட்டுகிறவர்தான் ரிமோட்டை அமுக்குவார், உடனே முன் கதவைத் திறப்பார். அன்றைக்குத்தான் ஓட்டத் தெரியாத நான் அமுக்கினேன், பின் கதவை மட்டும் திறந்தேன்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துச் சரி பண்ணிடுங்க பாய்" என்றேன். இவர் ஆபீசுக்குப் போய்விட்டார். நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம். பாய்க்கு முதலில் கொஞ்சம் கூச்சம்தான். பிறகு தானே ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார்.

முதல் வேலையாக பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றினார். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். அம்மாடி! இடியாப்பத்தைக் கவிழ்த்த மாதிரி வயர். ஒன்றோடு ஒன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வெயில் சூட்டில் டேப்பின் பசை உருகி நழுவி, இரண்டு இடத்தில் செம்பு வெளியே தெரிந்தது. பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரில் ஃப்யூஸே இல்லை. "இது உரசி இரும்பில் பட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "வயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்துரும்மா. வண்டி நின்னுட்டிருக்கும்போதே தீ பிடிக்கலாம். ஃப்யூஸ் இருந்தா அது முதல்ல எரிஞ்சு கரண்டை நிறுத்திடும்" என்றார். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போட்டார். அது ஏன் பேட்டரி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றால், ஃப்யூஸுக்குப் பின்னால் இருக்கும் வயருக்குத்தான் காவல். அதற்கு முன்னால் இருக்கும் நீளத்துக்குக் காவல் கிடையாது.

முறுக்கியிருந்த ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஒரு ரப்பர் குழாயை நுழைத்துச் சூடு காட்டினார். அது சுருங்கிச் சிக்கென்று பிடித்துக்கொள்கிறது. இதற்கு டேப்பைவிட நேரம் அதிகம், காசு கொஞ்சம்தான் அதிகம். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வயர் வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் தகரத்தின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது; அங்கும் ஒரு வளையம். கறுப்பு எர்த் வயரை பெயின்ட் மேலேயே திருகியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த பிறகு முடுக்கினார். சைரனின் வாய் மேலே பார்த்தபடி இருந்தது. கவிழ்த்தபோது அதிலிருந்து தண்ணீரே கொட்டியது! மழையில் திடீர் திடீரென்று அது ஈனஸ்வரத்தில் முனகியதற்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. வாயைக் கீழ் நோக்கி, இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி மாட்டினார்.

வயரின் நிறத்தைப் பார்த்தே இன்னது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "கூடாதும்மா. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். மீட்டர் வச்சுத்தான் பார்க்கணும்" என்றார். ஒன்றே ஒன்றுதான் நிறத்தைப் பார்த்து ஒதுங்க வேண்டியது. ஏர் பேக் இருக்கிற வண்டிகளில் அதற்கான வயர்கள் பெரும்பாலும் மஞ்சள் உறை போட்டு வரும். அதைத் தொடவே கூடாதாம். எங்கள் வண்டியில் ஏர் பேக் இல்லை, உங்களுடையதில் இருக்கலாம்.

பின் கதவுகள் இரண்டிலும் புதிதாகக் குமிழ் சுவிட்ச் வைத்து, அவற்றையும் அந்த ஒரே வயரில் சேர்த்தார். டிக்கிக்கும் ஒன்று. கூரை விளக்கோடு குழம்பாமல் இருக்க நடுவில் டையோடு என்று மிளகு அளவு சாமான் ஒன்று வைத்தார். கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடுமாம், நம் குழாயில் வால்வு மாதிரி. அதோடு, அந்த 30 வினாடி ஏற்பாட்டையே நிறுத்தச் சொன்னேன். பாய் சாவியைத் திருப்பி, டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஒரு சின்ன பட்டனை நாலைந்து தடவை அழுத்தி நிறுத்தினார். 'வேலட் பட்டன்' என்று பெயர். ஐந்து வருஷமாக அங்கே அப்படியொரு பட்டன் இருப்பதே எனக்குத் தெரியாது. ரிமோட் பேட்டரி தீர்ந்துபோய்ச் சாவியால் திறக்கும்போது சைரன் அலறினால், சாவியைப் போட்டு இதை அழுத்தினால் எங்கள் வண்டியில் சத்தம் நின்றுவிடுகிறது. உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்டேன், ஏனென்றால் மகள்தான் ஓட்டுகிறாள். திருடன் ஸ்டார்ட் பண்ண முடியாதபடி ஒரு ரிலே வைக்கிறார்களே, அது ஓடுகிற வண்டியை நிறுத்திவிடாதா? அது எந்த வயரில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாம். செல்ஃப் மோட்டாருக்குப் போகிற வயரில் வைத்தால், ரிலே கெட்டாலும் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நிற்காது. பெட்ரோல் பம்பு வயரிலோ இக்னிஷன் வயரிலோ வைத்தால், ரிலே கெட்ட அன்றைக்கு நடு ரோட்டில், லாரிக்கு முன்னால், நின்றுபோகும். எங்களுடையதில் நல்ல வேளையாக செல்ஃப் வயரில்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பழைய கடைக்காரர் சரியாகச் செய்த ஒரு வேலை!

கடைசியில் பாய் பேட்டரியை மாட்டி, வண்டியைப் பூட்டிவிட்டு, நிற்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று மீட்டரில் பார்த்தார். அலாரத்துக்கு 20 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் அவர் கணக்காகிறது. எங்கள் பேட்டரி 35. ஊருக்குப் போய் ஒரு மாதம் வண்டியை எடுக்காமல் போட்டால் பாதிக்குக் கொஞ்சம் குறையக் காலியாகும். ஆகவே பத்து நாளுக்கு ஒரு தடவையாவது வண்டியை எடுத்து ஓட்டிவிட்டு வரச் சொன்னார்.

இப்போது முக்கியமான விஷயம். வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம், இதற்கு மெக்கானிக் தேவையில்லை. நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கி விடுங்கள். சாவி உங்கள் கையில் இருக்கட்டும், குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். ரிமோட்டால் பூட்டி, பிறகு திறங்கள். ஒரே ஒரு கதவை மட்டும் திறந்து சாத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் நில்லுங்கள். தானாகப் பூட்டிக்கொண்டால் அந்தக் கதவு பெட்டிக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இப்படியே நான்கு கதவும், டிக்கியும் தனித்தனியாக. கடையிலேயே வண்டியை நகர்த்துவதற்கு முன் நான் இதைச் செய்தேன். வலது பின் கதவுக்கு விளக்கே எரியவில்லை. குமிழ் முழுக்க வெளியே வரவில்லை. பாய் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. ஆனாலும் உட்கார்ந்து சரி செய்து கொடுத்தார்.

புது வண்டி வைத்திருப்பவர்கள், 'எங்களுடையது கம்பெனியிலேயே வந்த அலாரம், எங்களுக்கு எதற்கு?' என்று நினைக்க வேண்டாம். கம்பெனி வண்டிகள் பலவற்றிலும் இந்தத் தானாகப் பூட்டும் ஏற்பாடு உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். புது வண்டியில் வெளிக்கடையில் வயரை வெட்டி எதையும் சேர்த்தால் வாரண்டிக்குச் சிக்கல் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கண்ணாடி உடைக்க நேர்ந்தால், முன்னால் இருக்கும் பெரிய கண்ணாடியில் கையை வைக்காதீர்கள். அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர உதிராது. பக்கக் கண்ணாடியில், குழந்தைக்குத் தூரமாக இருப்பதில், மூலையில் அடிக்கச் சொல்லுங்கள். கையில் துணி சுற்றிக்கொள்ளட்டும். ஒருவர் உடைக்கும்போதே இன்னொருவர் 112-க்கோ 108-க்கோ போன் பண்ணட்டும். எங்களுக்குக் கண்ணாடி மாற்ற இரண்டாயிரத்துக்குள்தான் ஆயிற்று.

பஞ்சர் கடைப் பையனுக்கு மறுநாள் ஒரு டப்பா நிறைய அதிரசம் கொண்டு போய்க் கொடுத்தேன். காசு கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றுவிட்டான். இன்னொரு சாவி இப்போது பீரோவில் இல்லை. வெளியே கிளம்பும்போது என் இடுப்புப் பர்ஸில், பூட்டுச் சாவியோடு சேர்ந்து தொங்குகிறது. இவர் பார்த்துவிட்டு, "என்ன, ஓட்டவே தெரியாது, சாவி மட்டும் இரண்டா?" என்று கேலி செய்கிறார். செய்யட்டும்.